புது பம்பு மாட்டியும் தண்ணீர் ஏறவில்லையா? பிரைமிங்கில் நடக்கும் தவறுகள்

பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டி சுவிட்சைப் போட்டால் மோட்டார் நன்றாகவே சுற்றும், குழாயில் மட்டும் ஒரு சொட்டு வராது. உடனே பம்பையே குறை சொல்லிக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் பம்பில் கோளாறே இருக்காது, கிணற்றிலிருந்து பம்புக்குத் தண்ணீர் வரும் சக்ஷன் பைப்பில் காற்று இருக்கும். அந்தக் காற்றை விரட்ட, ஓட்டுவதற்கு முன் பைப்பிலும் பம்பிலும் தண்ணீர் ஊற்றி நிரப்புவதுதான் பிரைமிங். கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பம்புகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நீரில் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

முதல் தவறு, ஒரு குவளை ஊற்றியதும் நிரம்பிவிட்டது என்று நினைத்து மூடியைத் திருகிவிடுவது. நிரம்பியது பம்பின் வாய் மட்டும்தான், உள்ளே பைப் காலி. ஒன்றேகால் இன்ச் பைப் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் பிடிக்கும், அப்படியென்றால் கிணற்றுக்குள் 7 மீட்டரும் பம்பு வரை படுக்கையாக 3 மீட்டரும் போகிற பைப்புக்கே 8 லிட்டர் வேண்டும், பம்புக்குள் நிற்பது தனி. மெதுவாக ஊற்றுங்கள், குமிழி வருவது நிற்கும்வரை கொஞ்சம் விட்டு விட்டு ஊற்றுங்கள். செல்ஃப் பிரைமிங் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முதல் தடவை பம்புக்குள் தண்ணீர் நிரப்பியே ஆகவேண்டும், இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்.

வாளி வாளியாக ஊற்றியும் நிரம்பவே இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் சக்ஷன் பைப்பின் அடிநுனியில், தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுக்கும் புட்வால்வு பிடிக்கவில்லை. விளிம்புவரை நிரப்பிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள், மட்டம் இறங்கினால் வால்வில் கல்லோ தூசியோ மாட்டியிருக்கலாம், வாஷர் தேய்ந்திருக்கலாம், அல்லது இடையில் ஏதோ ஒரு ஜாயின்ட் கசியலாம். பம்பை மாற்றும்போது பைப்பை அசைக்காமல் யாரும் மாற்றுவதில்லை என்பதால், பம்புக்கு அருகில் உள்ள ஜாயின்ட்தான் என்னுடைய முதல் சந்தேகம். அங்கே தண்ணீர் வெளியே சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும். பம்பு ஓடும்போது அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் பக்கம் நுரை உள்ளே போவது தெரியும். டெஃப்லான் டேப்பைக் கஞ்சத்தனம் பார்க்காமல் சுற்றுங்கள். இன்னொன்று, சக்ஷன் பைப் பம்பை நோக்கி ஏறிக்கொண்டே வரவேண்டும், நடுவில் மேடு தட்டினால் அங்கே காற்று தங்கிவிடும்.

தண்ணீர் வரும் வரும் என்று நிமிடக்கணக்கில் வெறுமனே ஓடவிடுவதுதான் செலவு வைக்கிற தவறு. சுழலும் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் குளிர்வதே தண்ணீரால்தான், காய்ந்து ஓடினால் கருகிவிடும். சூடேறிய பம்பின் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், குளிர்ந்த நீரை ஊற்றினாலோ சீல் வெடிக்கலாம். மெயினை அணைத்து, ஆறவிட்டு, அப்புறம் திறங்கள்.

பம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும் பக்கத்தில் இருக்கும் டெலிவரி வால்வை முழுக்க மூடிவிட்டால் காற்றுக்கு வெளியேற வழியில்லை, முழுக்கத் திறந்துவிட்டால், குறிப்பாகத் தண்ணீரின் ஒரு பகுதியைத் திருப்பிப் பீய்ச்சி வேலை செய்யும் ஜெட் பம்பில், பிடித்த தண்ணீரும் நழுவிவிடும். கொஞ்சமாகத் திறந்து ஆரம்பித்து, அழுத்தம் ஏறியதும் மெதுவாகக் கூட்டுங்கள். பிரஷர் டேங்க் இருக்கிற வீடுகளில் புது பம்போடு வரும், அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச் பழையதைவிட வேறு அளவில் இருக்கலாம், மோட்டார் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் ஆன் ஆகிறது என்றால் டேங்கின் காற்றழுத்தம் 28 இருக்கவேண்டும், அதையும் டேங்கில் தண்ணீர் இல்லாதபோதுதான் அளக்கவேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் சுற்றும் திசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது, கடல்மட்டத்தில்கூட அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 7, 8 மீட்டரோடு சரி. மட்டம் அதற்கும் கீழே போயிருந்தால் கிணற்றுக்குள் இரண்டு பைப் இறக்கும் ஆழ்கிணற்று ஜெட் பம்போ சப்மெர்சிபிளோதான் வேண்டும்.