ஓவன் வேண்டாத ஜிஞ்சர்பிரெட்: 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் செய்முறை

ஜிஞ்சர்பிரெட் என்பது மசாலா மணக்கும் ஓர் இனிப்பு, பெயரைப் பிரித்தால் ‘இஞ்சி ரொட்டி’. இதற்கு மாவு, முட்டை எதுவும் வேண்டாம், தேனும் ரொட்டித்தூளும்தான்.

250 கிராம் தேனைக் கனமான பாத்திரத்தில் சிறுதீயில் காய்ச்சி, பொங்கும் நுரையை வழித்தெடுங்கள். தீ கூடினால் கருகிக் கசக்கும். அரை டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ சேர்த்து இறக்குங்கள். காய்ந்த ரொட்டியின் தூளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். புது ரொட்டியின் ஈரம் கலவையைக் குழைத்துவிடும். ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் பதம். சூட்டில் இளகலாகத் தெரிந்தாலும் ஆறினால் இறுகும், அவசரப்பட்டுத் தூளைக் கொட்டாதீர்கள்.

தட்டில் சதுரமாகத் தட்டி, பட்டைத்தூள் தூவி, ஆறியதும் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்கொரு கிராம்பு குத்துங்கள். அன்று பாக்ஸ் (box) என்ற வேலிச்செடியின் இலையையும் கிராம்போடு குத்தினார்கள். அது நச்சு, வேண்டவே வேண்டாம். சிவப்பு நிறம் வேண்டுமென்றால் செஞ்சந்தனத்தூள்.

இஞ்சி எங்கே என்கிறீர்களா? இந்தச் செய்முறை உள்ள ‘ஹார்லி 279’ என்ற பழைய ஆங்கிலச் சமையல் கையெழுத்துப்படியின் குறிப்பில் இஞ்சியே இல்லை! பெயரில் ரொட்டியும் ஆதியில் கிடையாது. பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்ஜம்ப்ராஸ்’ என்றால் பதப்படுத்திய இஞ்சி. அதன் வால்தான் ஆங்கிலேயர் வாயில் ‘பிரெட்’ ஆனது. இஞ்சி வாசம் கட்டாயம் வேண்டுமென்பவர்கள் மிளகோடு கால் டீஸ்பூன் சுக்குத்தூள் சேர்க்கலாம்.