கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

கடன் ஆவணங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். யார் வந்தாலும் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வட்டியெல்லாம் அப்புறம். சட்டம் உங்களை நுகர்வோராக நடத்துமா, தொழில் செய்பவராக நடத்துமா என்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கடன் வெளிப்படைச் சட்டம் தொழிலுக்காக வாங்கும் கடனைத் தொடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 நுகர்வோர் கடன் நெறிமுறை, 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. தொழிலுக்காக வாங்கியவருக்கு அது கிடையாது. பிரிட்டனில் தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கும் 25,000 பவுண்டு வரை நுகர்வோர் கடன் சட்டத்தின் நிழல் உண்டு. இப்படி நாட்டுக்கு நாடு கோடு மாறும்.

அதனால், “தொழில் கடன்னு போட்டுடுங்க, சீக்கிரம் கிடைக்கும்” என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டாதீர்கள். நோக்கத்தை உள்ளபடியே எழுதுங்கள். பொய்யாக எழுதினால் பாதுகாப்பை இழப்பது ஒரு பக்கம். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று முழுத் தொகையையும் ஒரே நாளில் திருப்பிக் கேட்கவும் அது இடம் கொடுக்கும்.

சரி, இனி வட்டி. ‘ஃபிளாட்’ வட்டி என்றால், நீங்கள் அசலைக் கட்டக் கட்டவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவது. 12% ‘ஃபிளாட்’ வட்டியில் ஒரு லட்சம் வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் ‘குறையும் நிலுவை’க் கணக்கில் அது 21 சதவீதத்தைத் தாண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடனுக்கும் இந்த விகிதத்தோடு முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வசூலிக்க முடியாது.

தொழில் கடனில் எனக்கு மிகுந்த கவலை தருவது ஜாமீன் பத்திரம். கம்பெனிதானே கடனாளி என்று நினைத்து இயக்குநர் தனிப்பட்ட முறையில் கையெழுத்துப் போடுவார். கம்பெனி மூடினாலும் அந்தக் கையெழுத்து அவரை விடாது. ‘இப்போதும் இனிமேலும் உள்ள எல்லாக் கடன்களுக்கும்’ என்ற வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தக் கடனுக்கு மட்டும், இவ்வளவு தொகை வரை என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பலர் மாற்றித் தருகிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

தவணை தவறி நோட்டீஸ் வந்துவிட்டால், அது கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு உறையோடு பத்திரப்படுத்துங்கள். வக்கீலிடம் போகும்போது அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், கணக்கு அறிக்கை, வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதற்கு முன் ‘நிலுவையை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பல நாடுகளில், காலவரம்பு முடியும் முன் எழுதித் தரும் அந்த ஒப்புதலோடு வழக்குப் போடும் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.