வடைக்கு நடை ஈடாகாது: உடற்பயிற்சியைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் அறிக்கையில் நான்கைந்து எண்கள் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், நாற்பதைத் தாண்டிய பலர் அந்த வாரமே மூன்று காரியங்களைச் செய்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்குகிறார்கள். இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுகிறார்கள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்து, தினமும் காலையில் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு கிலோ குறைந்திருக்கும். சிலருக்கு அதுவும் குறைந்திருக்காது. அத்துடன் ஷூ செருப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

இவர்களிடம் முயற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்கிறார்கள், அதுதான் கோளாறு. சாப்பாடு செய்ய வேண்டிய வேலையை நடையிடமும், தசைப் பயிற்சி செய்ய வேண்டிய வேலையைப் பட்டினியிடமும் ஒப்படைக்கிறார்கள். பலன் வராதபோது தங்கள் உடம்புவாகே அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நடையின் கணக்கு

70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். பூங்கா வாசலில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் முடித்துவிட்டு வீடு திரும்பினால் அந்தக் கணக்கு தாராளமாக நேராகிவிடும், மிச்சமும் சேரும். உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நடையால் மட்டுமே அதைக் கரைப்பதென்றால், வாயையும் கட்டிக்கொண்டு, 50 நாட்களுக்கு மேல் ஒருநாள் விடாமல் நடக்க வேண்டும். எடை குறைய வேண்டுமானால் பெரும்பங்கு வேலை தட்டில்தான் நடந்தாக வேண்டும்.

அப்படியானால் நடப்பது வீணா? இல்லவே இல்லை. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை, மூட்டுகளின் இயக்கம் என எடை இயந்திரம் காட்டாத எல்லாவற்றிலும் நடை வேலை செய்கிறது. எடை குறையவில்லை என்பதற்காக நடையை நிறுத்துகிறவர், கண்ணுக்குத் தெரியாமல் கிடைத்துக்கொண்டிருந்த இந்தப் பலன்களையும் சேர்த்தே இழக்கிறார்.

நடையைச் சுற்றி வேறு சில பிடிவாதங்களும் உண்டு. தினமும் 10,000 அடி நடந்தே தீர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்த எண் எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலேயே இந்த எண் இருந்தது. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது. 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதுள்ள பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இது முதிய பெண்களைப் பற்றிய ஆய்வு. எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால், ‘இன்று 6,000 அடிதான் நடந்தேன்’ என்று வருந்துகிறவர்கள் வருத்தத்தை விட்டுவிடலாம்.

மொட்டை மாடியில் எட்டுப் போட்டு அதன்மேல் நடப்பது இன்னொன்று. அந்த வடிவத்துக்கு ஏதோ தனிச் சக்தி இருப்பதாகவும், அதில் நடந்தால் சர்க்கரை நோயே ஓடிவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகிறது. நடந்ததற்கான பலன் கிடைக்கும், எட்டுக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், ‘அக்குபிரஷர்’ என்று சொல்லிக் கூழாங்கல் பாதையிலோ வெயிலில் காய்ந்த தரையிலோ வெறுங்காலுடன் நடப்பது உண்மையிலேயே ஆபத்து. குத்தியதும் சுட்டதும் அவர்களுக்குத் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியவரும்.

வியர்வையைக் கொழுப்பு என்று நினைப்பதும் இந்த வகைதான். பெல்ட் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு ஓடினால் வெளியேறுவது தண்ணீர். ஒரு செம்பு நீர் குடித்ததும் எடை பழையபடி திரும்பிவிடும். மே மாதத்துச் சென்னையில் இதைச் செய்வதற்குப் பெயர் பயிற்சி அல்ல. தொப்பையை மட்டும் தனியாகக் குறைக்க வயிற்றுப் பயிற்சி செய்வதிலும் பயனில்லை. வயிற்றுத் தசை வலுப்படும். அதன்மேல் இருக்கும் கொழுப்பு, உடலின் மொத்தக் கொழுப்பு குறையும்போதுதான் குறையும்.

தசையை மறந்தவர்கள்

என்னைக் கேட்டால், நம்மவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான்: நடையோடு பயிற்சி முடிந்தது என்று நினைப்பது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்ற வரி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று அதே பக்கத்தில் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

முப்பது வயதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தேய்கிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை தேயும்போது அந்த இடமும் சுருங்குகிறது. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின் 2023-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இந்த நிலையில் தசைப் பயிற்சியை உடம்பைக் காட்டும் இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைக்க முடியாது.

இதற்கு ஜிம் கட்டணம் அவசியமில்லை. நம் தாத்தாக்கள் எடுத்த தண்டாலும் பஸ்கியும் இதற்குத்தான். முழங்கால் தாங்காதவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து, மறுபடி மெல்ல உட்காரலாம். பத்து முறை, சிறிது ஓய்வு, மீண்டும் பத்து முறை. தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கையூன்றிச் செய்யலாம். இரண்டு கைகளிலும் தண்ணீர்க் குடுவைகளைத் தூக்கி இறக்கலாம். சுலபமாகிவிட்டது என்று தோன்றும்போது எண்ணிக்கையையோ எடையையோ கூட்டினால்தான் தசை வளரும். ஒரே இரண்டு கிலோ டம்பெல்லை மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டிருப்பது பழக்கமாக இருக்கலாம், பயிற்சியாகாது.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப்போலத் தோள் பெருத்துவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அப்படி வளர்வதற்கான ஹார்மோன் அளவு பெண்களுக்கு இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் காலத்தில் இந்தப் பயிற்சியே அவர்களுக்கு அதிகம் தேவை. வீட்டு வேலையே போதுமே என்று சொல்லும் மாமியார்களும் கணவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: வீட்டு வேலை களைப்பைத் தருகிறது, ஆனால் ஒரே சில தசைகளை ஒரே விதமாகத்தான் வேலை வாங்குகிறது.

தட்டில் நடக்கும் தவறுகள்

சோறுதான் வில்லன் என்று தீர்மானித்துச் சப்பாத்திக்கு மாறுகிறவர், நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் என்ன குறைந்தது? மாவுச்சத்து ஏறத்தாழ அதேதான், எண்ணெய் கூடுதல். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் வெளியான அதே மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் குழுவின் ஆய்வு சொன்னது. மாவை மாற்றுவதில் பயனில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் காயையும் வைக்க வேண்டும்.

சிறுதானியத்துக்கும் இதே விதி. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், தினை, சாமை, கேழ்வரகில் 60 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் அதிகம் என்பது உண்மை, கேழ்வரகின் கால்சியத்துக்கு நிகரான தானியம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். பழத்தைத் தின்னாமல் சாறாகக் குடிப்பதிலும் நடப்பது இதுவே.

புரதத்தில்தான் நம் தட்டு உண்மையாகவே இளைத்திருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். காலையில் மூன்று இட்லி, சாம்பார்; மதியம் சோறு, சாம்பார், ரசம், தயிர்; இரண்டு காபி; இரவு இரண்டு தோசை. இதையெல்லாம் கூட்டினால் 40 கிராமை ஒட்டித்தான் வரும். நம் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு முட்டை 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8 அல்லது 9 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம் அளவு தரும். மாலை நேரத்து முறுக்கையும் பிஸ்கெட்டையும் சுண்டலாக மாற்றினாலே குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மஞ்சள் கருவை எடுத்து எறிகிறவர்கள் முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கையும் சேர்த்தே எறிகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசத்தைக் குடம்குடமாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொள்ளு நல்ல பயறு. 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, அதனால் பசி அடங்கும். அதற்குமேல் அது கொழுப்பை எங்கும் போய்க் கரைப்பதில்லை. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுகூட இல்லை. தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கும், பாக்கெட்டில் வரும் சூரியகாந்தி எண்ணெய்க்கும், பாட்டி வீட்டு நெய்க்கும் இந்தக் கணக்கு மாறாது. இட்லிப் பொடிக்கு ஊற்றும் எண்ணெயை ஒருநாள் கரண்டியால் அளந்து பாருங்கள்.

திடீர்ப் பட்டினியில் முதல் வாரம் இரண்டு கிலோ குறைவது உற்சாகம் தரும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து போய்விடும். பட்டினி தொடர்ந்தால் அடுத்துக் கரைவதில் தசையும் அடக்கம். பொறுக்க முடியாமல் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது கொழுப்பு சுலபமாகத் திரும்பி வரும். தசை தானாக வராது.

வேகமும் வலியும்

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன் என்ற தைரியத்தில் மீதி நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவர்கள் அதிகம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடமாடுவதும், இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் தெருவில் நடப்பதும் ரத்தச் சர்க்கரைக்கு நல்லது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்துக்குப் படுக்கும் வழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும்.

முதல் நாளே ஐம்பது பஸ்கி எடுப்பவருக்கு இரண்டாம் நாள் படியிறங்க முடியாது. புதுப் பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும், பயப்பட வேண்டாம். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், சிறுநீர் காபி நிறத்தில் போவது ஆகியவை வேறு. இவற்றுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்குவது உயிருக்கே உலை வைப்பது. இதய நோயோ, நீரிழிவோ, ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் கடும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்துக்கொண்டுதான் நடக்கப் போக வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

எதை அளப்பது

தினமும் எடை பார்ப்பதில் தெரிவது பெரும்பாலும் நேற்றைய உப்பும் தண்ணீரும்தான். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். அதைவிட உபயோகமானது தையற்காரரின் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. நம் ஆண்களில் பாதிப்பேர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ 25 வரை சரி என்று மற்ற நாட்டவர்களுக்குச் சொல்லும் அளவும் நமக்கு 23-தான். மெலிந்து தெரியும் உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் வாகு நமக்கு இருப்பதே காரணம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை, பயிற்சி தொடங்கிய இரண்டே வாரத்தில் எடுத்துப் பார்த்து மனம் உடைபவர்களும் உண்டு. அதில் பழைய மாதங்களின் கணக்கும் கலந்திருக்கும். மூன்று மாதம் கழித்து எடுங்கள். அதே நாளில் இடுப்பையும் அளந்து, நாற்காலியில் கைப்பிடியைப் பிடிக்காமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் அதன் பக்கத்தில் குறித்து வையுங்கள்.