‘அடுத்தது சிவப்புதான்’: சூதாட்டக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு வழிகள் உண்டு: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. கூட்டுத்தொகை 10 வருவதற்கும் ஆறு வழிகளே உண்டு: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. எனினும் 9ஐ விட 10 சற்றே அதிகம் விழுகிறது என்பதை இத்தாலியச் சூதாடிகள் அனுபவத்தில் கண்டிருந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ இதற்கு விளக்கம் எழுதினார். எந்தப் பகடையில் எந்த எண் என்று பார்த்தால் 1-2-6 ஆறு விதமாகவும், 1-4-4 மூன்று விதமாகவும், 3-3-3 ஒரே ஒரு விதமாகவும் விழும். அப்படி எண்ணினால் மொத்தமுள்ள 216 விளைவுகளில் 9க்கு 25, 10க்கு 27 கிடைக்கின்றன. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இந்த வேறுபாட்டை ஆட்டக்காரர்கள் வெறும் கவனிப்பாலேயே பிடித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வழிகளை எண்ணிவிட்டு அவையெல்லாம் சமவாய்ப்புள்ளவை என்று கொள்ளும் இத்தவறு கற்றறிந்தவர்களையும் விடவில்லை. நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று கணிதமேதை தலம்பேர் 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் வாதிட்டார். முதல் சுண்டலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே நிலைகள் உள்ளன என்றார். ஆனால் முதல் நிலையின் வாய்ப்பு மட்டும் அரை; மற்ற இரண்டும் கால், கால். சரியான விடை நான்கில் மூன்று.

வாய்ப்புகளை நேர்விகிதத்தில் கூட்டிவிடுவது அடுத்த தவறு. ஆறு முறை உருட்டினால் ஓர் ஆறு விழுந்தே தீரும் என்று எண்ணுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உண்மையில் ஆறு முறையும் ஆறு விழாமல் போக ஏறத்தாழ 33.5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பிரான்சில் டி மேரே என்ற எழுத்தாளரைக் குழப்பியதும் இதுவே. ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஓர் ஆறேனும் விழும் என்று பந்தயம் கட்டினால் இலாபம். அப்படியானால், ஒரு பகடையின் ஆறு விளைவுகளுக்கு நான்கு முறை போல இரண்டு பகடைகளின் 36 விளைவுகளுக்கு 24 முறை என்று கணக்கிட்டு, இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டினாலும் இலாபம் வரவேண்டுமல்லவா? வராது. விழாமல் போகும் வாய்ப்புகளைப் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் முதல் பந்தயத்துக்கு 51.8 விழுக்காடும், இரண்டாவதற்கு 49.1 விழுக்காடும் கிடைக்கின்றன. 25 முறை உருட்டினால்தான் அரையைத் தாண்டும். இச்சிக்கலைப் பற்றி 1654இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல், மற்றொரு கணிதவியலாளரான பெர்மாவுக்கு எழுதினார். அந்த ஆண்டு இருவரும் நடத்திய கடிதப் போக்குவரத்திலிருந்தே நிகழ்தகவியல் ஒரு துறையாக உருப்பெற்றது.

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தைக் கரைத்த தவறு வேறு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், 18 கறுப்பு, 18 சிவப்பு, ஒரு பூச்சியம் என 37 குழிகள் கொண்ட ரூலெட் என்ற சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. கறுப்பு நீள நீள, இனிச் சிவப்புதான் என்று மேலும் மேலும் பணம் கட்டியவர்கள் இழந்துகொண்டே இருந்தார்கள். குறிப்பிட்ட 26 சுற்றுகளும் கறுப்பாகவே விழும் வாய்ப்பு, ஆட்டம் தொடங்கும் முன், சுமார் 13.7 கோடியில் ஒன்று. ஆனால் 25 முறை விழுந்து முடிந்தபின் 26ஆவதும் கறுப்பாக இருக்கும் வாய்ப்பு, எப்போதும்போல, 37இல் 18தான். சக்கரத்துக்கு நினைவாற்றல் இல்லை.

‘நீண்ட ஓட்டத்தில் சமமாகிவிடும்’ என்ற விதியை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் அவ்விதியைத் தவறாகப் படிக்கிறார்கள். 100 சுண்டல்களில் 60 தலை விழுந்துவிட்டதாகக் கொள்வோம். அடுத்த 10,000 சுண்டல்களில் எதிர்பார்க்க வேண்டியது 5,000 தலைகள், 4,990 அல்ல. மொத்தம் 10,100இல் 5,060, அதாவது 50.1 விழுக்காடு. முதலில் கூடுதலாக விழுந்த 10 தலைகள் ஈடுசெய்யப்படவே இல்லை. பெரிய எண்ணிக்கைக்குள் கரைந்துபோயின, அவ்வளவே.

தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறையும் இதே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. சிவப்பின் மேல் 10 ரூபாயில் தொடங்கி, தோற்கும்தோறும் இரட்டித்து, அதிகபட்சம் பத்துச் சுற்று வரை கட்டும் ஒருவர், எந்தச் சுற்றில் வென்றாலும் 10 ரூபாய் இலாபத்துடன் எழுவார். பத்தும் தோற்பதற்கான வாய்ப்பு, ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தில், ஏறத்தாழ 784இல் ஒன்று. பெரும்பாலான நாள்களில் வெற்றி கிடைப்பதால்தான் இம்முறை இவ்வளவு பேரை நம்பவைக்கிறது. ஆனால் அந்த ஒருமுறை போகும் தொகை 10,230 ரூபாய். மற்ற 783 முறை சேர்ந்த 7,830 ரூபாயும் அதில் அடங்கிப்போய், கையிலிருந்து இன்னும் 2,400 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.