நிறம் மாறும் சொற்கள்: குட்டிப் பிள்ளைகளுக்கு வாசிக்கும் வீடியோ செய்வது எப்படி?

படம் லேசாக அசையும். குரல் கதை சொல்லும். குரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அந்தச் சொல் மட்டும் திரையில் நிறம் மாறும். பாட்டு ஓடும்போதே அதே மொழியில் வரிகளைக் காட்டும் யோசனையை 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் தொடங்கிவைத்தவர் பிரிஜ் கோத்தாரி. பிறகு அவருடைய புக்பாக்ஸ் நிறுவனம் அதைப் பிள்ளைகளின் கதைகளுக்குக் கொண்டுவந்தது. குரலும் சொல்லும் ஒரே நொடியில் சேர வேண்டும், அதுதான் இதில் முக்கியம். மற்றதெல்லாம் அலங்காரம்.

1. கதை

நம் ஊர்க் கதையே இருக்கட்டும். நெல்லை மாவட்டம் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள். நாரை வருகிறது, ஆச்சி வீட்டு மரத்தில் கூடு கட்டுகிறது, குஞ்சு கீழே விழுகிறது, ஆச்சி எடுத்து வளர்க்கிறாள், ஒருநாள் பறந்துபோகிறது. எட்டுப் பக்கத்துக்கு இது தாராளம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், நாலைந்து சொல். ‘பறந்துபோய்க்கொண்டிருந்தது’ மாதிரி ரயில் வண்டிகள் வேண்டாம், ‘பறந்தது’ போதும்.

2. படம்

தாளில் கிரேயானால் வரைந்து, திண்ணை வெளிச்சத்தில் போனில் படமெடுத்தாலே போதும். அடியில் கால்வாசி இடத்தை எழுத்துக்கு விடுங்கள். அசைய வேண்டிய நாரையைத் தனித்தாளில் வரையுங்கள். வரைய வராதவர்கள் ஸ்டோரிவீவர் என்ற பிள்ளைகள் கதைத் தளத்தில் உள்ள படங்களை எடுத்துக்கொள்ளலாம். வரைந்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் கடைசியில் போட்டுவிட வேண்டும்.

3. குரல்

மின்விசிறியை நிறுத்திவிட்டு போனிலேயே பதியுங்கள். சொல்லுக்குச் சொல் கொஞ்சம் இடைவெளி வேண்டும், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இழுக்கக் கூடாது.

வீட்டு ஆச்சி கதை சொன்னால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும். சிக்கலும் அங்கேதான். திரையில் ‘குஞ்சு விழுந்துவிட்டது’ என்றிருக்கும், ஆச்சி ‘குஞ்சு விழுந்துட்டு’ என்பாள். காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? கதை நடையை எழுத்துத் தமிழில் வைத்து, ஆள் பேசும் இடத்தை மட்டும் நெல்லைப் பேச்சில் எழுதிவிடுங்கள் என்பேன்: ‘ஏட்டி, இங்க பாரு, குஞ்சு விழுந்துட்டு!’ திரையிலும் அப்படியே வரட்டும்.

4. நிறம் மாற்றுவது

பொறுமை வேண்டிய இடம் இது. ‘ஆச்சி மரத்தில் நாரை வந்தது’ என்பதில் நாலு சொல். பவர்பாயிண்டில் அந்தப் பக்கத்தைச் செய்து ஐந்து பிரதி எடுங்கள். முதல் பிரதி முழுக்கக் கறுப்பு. அடுத்தடுத்த பிரதிகளில் ஒவ்வொரு சொல்லாகக் கருஞ்சிவப்பு. எழுத்தைத் தடிமனாக்காதீர்கள், அகலம் கூடி வரி குதிக்கும், பிள்ளையின் கண் அலையும். நிறத்தை முழுச் சொல்லுக்குக் கொடுங்கள். ‘கொ’வுக்குள் பாதியில் நிறம் மாற்றப் போனால் கொம்பும் காலும் சிதறக்கூடும். எழுத்துருவும் யூனிகோடாக இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கும்.

பக்கங்களைப் படங்களாகச் சேமித்து, கைன்மாஸ்டர் போன்ற செயலியில் குரலை முதலில் போட்டு, அதன்மேல் வரிசையாக அடுக்குங்கள். அப்புறம் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் வெட்டுங்கள். நிறம் ஒரு இமைப்பொழுது முந்தினால் பரவாயில்லை, பிந்தவே கூடாது.

5. அசைவு

பின்புலம் நீக்கிய நாரையைத் தனி லேயராக, அதாவது படத்தின் மேல் இன்னொரு அடுக்காக, போட்டு நகர்த்துங்கள். கறுப்புப் பிரதி நிற்கும் இரண்டு மூன்று நொடிக்குள் அது பறந்து வந்து உட்கார்ந்துவிட வேண்டும். சொற்கள் நிறம் மாறும்போது எதுவும் அசையக் கூடாது. நாரை இறக்கையடித்தால் யார் எழுத்தைப் பார்ப்பார்கள்?

6. சேமிப்பது

போனைப் படுக்கவைத்துப் பார்க்கிற அளவு, 16:9, தெளிவு 720பி போதும். வாட்ஸப்பில் சிரமமில்லாமல் போகும். இன்னொரு பிரதியைக் குரலை மட்டும் எடுத்துவிட்டுச் சேமியுங்கள். கதை பழகியபின் அதைப் போட்டுக் கொடுங்கள், நிறம் மாற மாறப் பிள்ளையே வாசிக்கட்டும். எந்தச் சொல்லில் திணறுகிறது என்று பார்த்து, அந்தப் படத்தின் நேரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம்.