மன அழுத்தத்தைத் தணிக்கும் முறை: செல்லுக்குள் இயங்கும் இரு வழிகளை அறிந்து நடத்தல்

சில நிமிடங்களில் அடங்கக்கூடிய படபடப்பையும், மணிக்கணக்கில் நீடிக்கும் தவிப்பையும் ஒன்றாகக் கருதி, இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதால்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். செல்லுக்குள் இவை வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன.

முதலாவது, விரைவு வழி. அதிர்ச்சி நேர்ந்த சில நொடிகளில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. அது செல்லுக்குள் நுழைவதில்லை. செல் சவ்வின் மேலுள்ள ஏற்பியில் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில்) பொருந்தி, உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறைப் பெருகச் செய்கிறது. (ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துச் செல்வதால் ‘இரண்டாம் தூதுவர்’ எனப்படும் இம்மூலக்கூறைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார்.) அதன் விளைவாகக் கல்லீரல் செல்கள் தாம் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸை வெளிவிடுகின்றன; இதயத் துடிப்பும் வேகமெடுக்கிறது. ஆனால் அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும், சைக்ளிக் ஏ.எம்.பி.யையும் செல்லின் நொதிகளே சிதைத்துவிடும்.

ஆகவே, அந்நேரத்தில் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இதை ஐந்து நிமிடம் தொடருங்கள். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள், இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்களில் அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் குறைக்கிறது. பின்னர் சற்று நடங்கள். சுருங்கி விரியும் தசைச் செல்கள், இன்சுலின் இல்லாமலேகூட, வெளிவந்த குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழியில் பொறுமை வேண்டும். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸும் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அனுப்பும் ஆணைகளின்படி அட்ரீனலின் புறப்பகுதி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. கொழுப்பில் கரையும் இந்த ஹார்மோன் சவ்வைக் கடந்து, உள்ளிருக்கும் ஏற்பியுடன் இணைந்து, உட்கருவுக்குள் சென்று, சில மரபணுக்களை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. அவ்வாறு இயங்கிய மரபணுக்களின்படி உருவான புரதங்கள், கார்ட்டிசால் குறைந்த பின்னரும் செல்லில் தம் வேலையைத் தொடர்கின்றன. எனவே காலையில் கேட்ட கடுஞ்சொல் மாலை வரை உடலை வாட்டினால், மூச்சுப் பயிற்சி பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

கார்ட்டிசால் போதிய அளவை எட்டியதும், ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் உள்ள ஏற்பிகள் வழியே தன் சுரப்பைத் தானே தணிக்கிறது. நடந்ததை மனத்துக்குள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது அந்தத் தணிவைக் குலைக்கும். கவனத்தைக் கைவேலை ஒன்றில் செலுத்துங்கள். இரவின் முற்பகுதியில் கார்ட்டிசால் மிகத் தாழ்ந்திருக்கும் என்பதால், உறங்கும் நேரத்தை நாள்தோறும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டிசாலைப் போலவே செயல்படும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்பவர்களிடம் இதே ஏற்பிகள் இயற்கைச் சுரப்பை அடக்கியிருக்கும்; அவர்கள் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது.