வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் ஈஸ்ட் கலப்பது எப்படி?

வான்கோழி வளர்ப்பில் கையைச் சுடுவது முதல் நான்கு வாரம்தான். அந்த நாட்களில் குஞ்சின் குடல் தேறுவதற்கு ஈஸ்ட் கைகொடுக்கும். ஆனால் அடித்தீவனம் சரியில்லாமல் ஈஸ்ட் வாங்கினால் காசுதான் வீண்.

படி 1: மூட்டைச் சீட்டைப் படியுங்கள்

நான்கு வாரம் வரை தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும். பிராய்லர் ஸ்டார்ட்டரில் (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்) 22, 23தான் இருக்கும். அதைவிட ஆபத்து, சீட்டில் சலினோமைசின் அல்லது நராசின் என்று போட்டிருப்பது. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழிக்குப் போடும் இந்த மருந்துகள் வான்கோழிக்கு நஞ்சு. கால் விழுந்து படுத்துவிடும், பிறகு எழாது.

படி 2: எந்த ஈஸ்ட்?

10 கிலோ தீவனத்துக்கு அளவு இப்படி:

- ஈஸ்ட் செல்சுவர்த் தூள் (ஈஸ்ட் செல்லின் வெளிச்சுவரை மட்டும் பிரித்த தூள்): 10 முதல் 20 கிராம்
- உயிருள்ள ஈஸ்ட் (கிராமுக்கு 1000 கோடி செல்): 10 கிராம்
- உலர்த்திய ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் காய்ச்சும் வகை): 200 முதல் 300 கிராம்

புதியவர்கள் செல்சுவர்த் தூளில் தொடங்குவது நல்லது, சூட்டில் கெடாது. ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் குடல் சுவரில் ஒட்டுவதற்குப் பதிலாக இதிலுள்ள மன்னான் என்ற சர்க்கரைப் பொருளில் ஒட்டி, எச்சத்தோடு வெளியேறும்.

ப்ரூவர்ஸ் ஈஸ்ட் வேறு கதை. அது பாதி உணவு, பாதி வைட்டமின். மக்காச்சோளத்து நியாசின் (ஒரு பி வைட்டமின்) கட்டுண்டு கிடப்பதால் குஞ்சுக்குச் சேராது. குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கிக் கால் கோணும். அந்தக் குறையை இந்த ஈஸ்ட் ஈடுகட்டும்.

உயிருள்ள ஈஸ்ட் வாங்கினால் சோதியுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை பொங்காவிட்டால் செத்த சரக்கு. கொதிநீரில் கரைத்தால் நல்ல சரக்கும் செத்துவிடும்.

படி 3: கலக்கும் முறை

10 கிராமை நேரே 10 கிலோவில் கொட்டினால் ஒரு குஞ்சுக்கு மொத்தமும், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 100 கிராம் அரைத்த மக்காச்சோளத்தில் கலந்து, அதை ஒரு கிலோ தீவனத்தில் புரட்டி, பிறகுதான் மீதியோடு சேருங்கள். இரண்டு வாரத் தேவைக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். ஈரத்தில் பிசைந்தால் அன்றன்றே தீர வேண்டும், மிச்சம் புளித்துவிடும்.

படி 4: தின்ன வைப்பது

கலந்தது வயிற்றுக்குள் போக வேண்டுமே! வான்கோழிக் குஞ்சுக்குக் கண் மந்தம், எதிரே தீவனம் இருந்தாலும் பட்டினி கிடந்து சாகும். தீவனத் தட்டிலும் தண்ணீரிலும் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். கொத்த வந்து தின்னப் பழகும். முதல் வாரம் புரூடருக்குள் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு) 35 டிகிரி வெப்பம் இருக்கட்டும். குளிரில் ஒடுங்கிய குஞ்சு எதையும் தின்னாது.

எங்கே தவறும்?

கடலைப் புண்ணாக்கில்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன; காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே அதன் பிறகுதான். செல்சுவர்த் தூள் எல்லா நஞ்சையும் பிடித்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அஃப்ளாடாக்சினைப் பிடிக்கப் பென்டோனைட் களிமண்ணே மேல். பச்சை படர்ந்த புண்ணாக்கை எதோடும் கலக்காமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.

கந்தக மஞ்சளாக எச்சம் போனால் கரும்தலை நோயை (கோழிகளிடமிருந்து தொற்றும் ஒட்டுண்ணி நோய்) சந்தேகியுங்கள். அதை ஈஸ்ட் தீர்க்காது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், குஞ்சுகளை நாட்டுக்கோழிகள் திரியும் இடத்திலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.